கழிவு

டச்பாரில் எர்வின் அண்ணன் வீட்டுப் பின்கராஜில்
வியாழன் இரவுகளில் போக்கர்.
ஆறு கதிரை. ஒரு காற்றாடி.
மேசை நடுவில் ஒரு துளை,
துளைக்குக் கீழே தேக்கில் அவரே அடித்த பெட்டி.
நூறு ரூபா குவிந்தால்
ஐந்து ரூபா துளைக்குள் போகும்.
சத்தம்கூடக் கேளாது,
அடியில் வெல்வெட் ஒட்டியிருக்கிறார்.

ஐந்து ரூபாதானே.

எனக்கு ஆரையம்பதியில் நெல்லு மில்லில் தராசு வேலை.
மூடைக்கு இரண்டு கிலோ கழிவெழுதுவது நான்தான்:
ஈரம், பதர், மண், சாக்கின் பாரம்.
இரண்டு கிலோதானே என்று
முதலாளி பழக்கிய தொனியில்
ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன்.
அந்தத் தொனி எனக்குத் தெரியும்.
தெரிந்தும் ஏழு மாதம் போனேன்.

மழைக்கு மில் பூட்டிய ஒரு நாள்
கழிவுக் கொப்பியின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன்.

மணிக்கு இருபது ஆட்டம்.
வங்கிக் காசாளர் வரதகுமார் யோசிக்கிற வேகத்தில்
அதற்கு மேல் ஓடாது.
குவியல் சராசரி இரண்டாயிரம். துளைக்குள் நூறு.
மணிக்கு இரண்டாயிரம். ஐந்து மணித்தியாலம்.
பத்தாயிரம்.

ஆளுக்குப் பத்தாயிரத்தோடுதான் குந்துவோம்.
வருவது ஆறு பேர்.
ஒரு மணிக்கு எழும்பும்போது
ஐந்து பேரின் காசுதான் மேசையில்.
ஆறாவது ஆளை யாரும் வெல்லவில்லை.
அவனை ஐந்தைந்து ரூபாயாக இறக்கிவிட்டோம்.

மறுகா என் பங்கு:
சில்லறையை விட்டால்
இரவுக்கு ஆயிரத்து அறுநூற்று அறுபத்தாறு.
முப்பத்தொரு இரவையும் எழுதி வைத்திருந்தேன்
(எழுதாதிருந்தால் நானும் எல்லாரையும் போல
கிட்டத்தட்டச் சமன் என்றிருப்பேன்).
மொத்தம் எண்ணாயிரத்து இருநூற்று நாற்பத்தாறு நட்டம்.
பெட்டிக்குப் போனதைத் திரும்பக் கூட்டினால்
நாற்பத்து மூவாயிரத்து நானூறு இலாபம்.

அந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில்
கொஞ்ச நேரம் சந்தோசமாக இருந்தேன்.
நான் கெட்டிக்காரன்.
நட்டப்பட்ட கெட்டிக்காரன்.

எர்வின் அண்ணனிடம் கேட்டேன்:
நூற்றுக்கு ஐந்தை விடுங்கள்,
மணிக்கு ஆளுக்கு நூற்றைம்பது வாங்கினால் என்ன?
அவர் கோபிக்கவில்லை.
ரோல்ஸ் தட்டை என் பக்கம் தள்ளினார்.
"கரண்ட் பில் நீ கட்டுறியா?
றீட்டா பொரிக்கிற எண்ணெய்க்கு?
கேட்டடியில நிக்கிற பெடியனுக்கு?
மற்ற இடத்தில பத்து எடுக்கிறாங்க மகன்."
எல்லாம் உண்மை.
நானும் தராசடியில் உண்மைதான் சொல்வேன்.
ஈரம் இருக்கிறது. மண் இருக்கிறது.
மற்ற மில்லில் மூன்று கிலோ வெட்டுகிறார்கள்.

போன போகம் வெல்லாவெளியிலிருந்து ஒரு மனுசி,
தெய்வானைப்பிள்ளை,
மெசினில் நாற்பது மூடை.
விலையைக் கேட்கவில்லை. கழிவைத்தான் முதலில் கேட்டா.
சொன்னேன்.
ஒரு சாக்கின் வாயைக்கூட அவிழ்க்கவில்லை.
மெசின் கிறுகியது.
கூடவிற்றாவோ குறையவிற்றாவோ,
எனக்குத் தெரிந்தது அந்த முதுகு மட்டும்.

எனக்கு அந்த முதுகு இல்லை.
கணக்கை வேறு பக்கத்தால் பிடித்தேன்:
பெட்டி எடுப்பதை விடக் கூடுதலாக
யாரோ ஒருவன் தோற்றால் போதும்.
கட்டாரால் வந்த நிதிகரன்
எந்தச் சீட்டையும் கீழே வைக்கமாட்டான்,
ஏழையும் இரண்டையும் பிடித்துக்கொண்டு
ஆற்றைக் கடக்கப் பார்ப்பான்.
அவன் குந்தினால் எனக்கு மூவாயிரம் கூட.
அவன் வராத இரவு கழிவு மட்டும்.
மூடை எழுதும் அதே பேனையால்
ஒரு மனிதனை இப்படி எழுதினேன்.
கை கூசவில்லை.
அதைப் பிறகுதான் கவனித்தேன்.

இந்த வியாழன் ஏழு மணிக்குப் போன் எடுத்தேன்.
"அண்ணே, கட்டார்காரன் வாறானா?"

எண்ணெய் பொரிகிற சத்தம்.
பிறகு எர்வின் அண்ணன் சிரித்தார், மெல்ல,
வெல்வெட்டில் விழுந்த மாதிரி.

"அவனும் இப்பத்தான் எடுத்தவன்.
நீ வாறியா எண்டு கேட்டவன்."