ஒத்து

பிரேயஸ் துறைமுகத்திலிருந்து எஸ்தாக்கி அனுப்பியிருந்தான்.
கப்பலில் வெல்டிங் வேலை, இரவில் தூக்கமில்லாதவன்.
'கேட்டுப் பாரு. ஆளில்லாத கோயில்ல பாடுற மாதிரி இருக்கு.'

தங்கச்சிமடம் ஐஸ் கம்பெனி. மணி இரண்டரை.
விடிவதற்குள் நூற்று நாற்பது பாளம்.
கணக்கு நோட்டின் மேல் கைபேசி.
ஒரு குரல் ஏறி, வளைந்து, இறங்க மறந்து நிற்கிறது.
அதன் அடியில் நாலைந்து ஆண்கள்
ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு அசையாமல்,
நாயனத்துக்குப் பக்கத்தில் கன்னம் உப்ப நிற்பவனைப் போல.
ஒத்துக்காரன் பேரை யார் கேட்டார்கள்.

கம்ப்ரஸரும் அதே சுரத்தில்தான் ஓடுகிறது.
கொஞ்சம் கூட. பெல்ட் தளர்ந்தால் சரியாக வரும்.

அடுத்த பாட்டு லத்தீன்.
நடுவில், யாரும் மாற்றாமல் விட்ட கிரேக்கம்:
கீரியே எலேய்சோன்.
எஸ்தாக்கி எழுதுகிறான்:
ஆயிரம் வருஷ ராஜ்யம் அப்போது
ஒரு மதிலும் அதற்குள் கீரைப்பாத்தியுமாகச் சுருங்கிக் கிடந்ததாம்.
துறைமுக வாயில் குறுக்கே இரும்புச் சங்கிலி.
அப்பம் புளிக்கலாமா கூடாதா என்று
நானூறு வருஷம் முகம் திருப்பிக்கொண்டவர்கள்
கடைசி இரவில் ஒரே கோயிலில் நின்று பாடினார்களாம்.
விடியுமுன் மதில் விழுந்தது.

நான் அதைப் பார்த்திருக்கிறேன்.

கச்சத்தீவில், மாசித் திருவிழா,
சிலுவைப்பாதை முடிந்த இருட்டு.
இந்தப் பக்கம் நாங்கள். அந்தப் பக்கம் நெடுந்தீவுக்காரர்கள்,
எங்கள் இழுவைமடி அறுத்த வலைக்கு
இன்னும் விலை கேட்கிறவர்கள்.
சந்தனமரியாள் பிரார்த்தனையை எடுத்தாள்.
அவர்கள் மெட்டு வேறு,
முடிக்கும் இடத்தில் எங்களைவிட அரை மூச்சு நீளம்.
யாரும் விட்டுக்கொடுக்கவில்லை.
பின்வரிசையில் எவனோ ஒருவன்,
வார்த்தை தெரியாமலோ சளி பிடித்தோ,
வாய் திறக்காமல் ஒரே சுரத்தில் நின்றான்.
இரண்டு பாட்டும் வந்து அவன் மேல் உட்கார்ந்தன.
எந்தக் கரைக்காரன் என்று திரும்பிப் பார்த்தேன்.
பெட்ரோமாக்ஸ் அதுவரை எட்டவில்லை.

மறுநாள் படகேறினோம்.
செவ்வாய்க்கிழமை கஸ்பாரின் படகைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.
ஐந்து பேர். ஒருவன் என்னிடம் ஐஸ் பாக்கி வைத்திருந்தான்.

மூன்று மணிக்கு மின்சாரம் போனது.
கம்ப்ரஸர் நின்றதும்
பாளங்கள் விரிசல் விடும் சத்தம் கேட்டது.
கைபேசியில் அந்த நாலைந்து பேர் மட்டும்
இன்னும் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.
யாரும் பார்க்கவில்லை என்பதால்
நானும் உதட்டை மூடி அவர்களோடு நின்றேன்,
தாசீயுஸ் டீசல் கேனோடு வந்து
டார்ச்சை என் முகத்தில் அடிக்கும் வரை.