ஓரெழுத்து ஒருமொழி

மேலூர்க் கம்பெனிக்குக்
கறுப்புக் கிரானைட் பார்க்க வந்தவர் குவாங்,
சைகோன்காரர்.
சுத்தியலால் தட்டி, கல்லில் காது வைத்துக்
கேட்டுத்தான் வாங்குவார்.
கணக்கெழுதும் நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன்,
எங்கள் வீட்டிலும் உங்கள் சாப்பாடு உண்டென்று.

ஞாயிற்றுக்கிழமை, சிம்மக்கல் வீடு.
கொழுந்தன் வயிரவன் விடியுமுன் நெல்பேட்டை போய்
ஆட்டு நல்லி வாங்கி வந்தான்.
இஞ்சி, வெங்காயம் தோலோடு
கேஸ் நெருப்பில் கருகின.
அன்னாசிப்பூ ஐந்து. பட்டை ஒரு விரல்.
திருநீற்றுப்பச்சிலை கேட்டபோது
எந்தச் சாமிக்கு என்றாள் மாட்டுத்தாவணிப் பூக்காரி.
எலும்புச்சாற்றுக்கு என்று எப்படிச் சொல்ல?
அரிசி நூலுக்கு இடியாப்பம்.
அப்புறம் மாடியில் அந்த ஜாடி,
உப்பும் நெத்திலியும் வெயிலில் கரைவது,
பக்கத்து வீட்டு வக்கீல்
இரண்டு நோட்டீஸ் விட்டது.

சாற்றுக்கு எங்கள் வீட்டில் பெயர் வா.
லான், ரேஷன் கார்டில் இலஞ்சியம்,
வட்டிக்கடைக் கணக்கரைக் கட்டிக்கொண்டு
கப்பலிறங்கி வந்த முதல் வாரம்
மாமியார் முன் கிண்ணத்தை நீட்டிப்
"போ" என்றாளாம்.
மூன்று நாள் அடுப்பு மூட்டவில்லை மாமியார்.
நாலாம் நாள் விஷயம் விளங்கி
மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு மடக்கு குடித்து,
விளக்கெரியும் வீட்டில்
சோற்றைப் பார்த்துப் போ என்பதா,
வா என்று சொல்லடி என்றாராம்.
நான் கலியாணமாகி வந்த புதிதில்
"வா ஆறுது, வா" என்று கேட்டால்
அவசரத்தில் இரண்டு தரம் கூப்பிடுகிறார்கள்
என்றுதான் நினைத்திருந்தேன்.

குவாங் குடித்தார்.
கல்லைக் கேட்பதுபோல் தலை சாய்த்தார்.
இது அது இல்லை, என்றார்.
இத்தனை மிளகு கிடையாது அங்கே.
இந்த இலை கிடையவே கிடையாது.
யார் போட்டது?
கறிவேப்பிலையை யார் முதலில் போட்டதென்று
எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.
வயிரவன் முகம் செத்துப்போனது.

மாடிக்கு ஏறியவர் ஜாடி மூடியைத் திறந்து
வெயிலில் அப்படியே நின்றார், வெகுநேரம்.
இது அது, என்றார்.

அந்தப் பெயரை அவர் சொன்னபோது
குரல் கீழே இறங்கி மேலே வளைந்தது,
கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்பதுபோல.
அப்படியென்றால் லான் அன்றைக்கு
யாரையும் போகச் சொல்லவில்லை.
அவள் என்னவோ கேட்டிருக்கிறாள்.

செருப்பு மாட்டியவரிடம் வழக்கம்போல
போயிட்டு வாங்க என்றோம்.
வயிரவன் வாசலுக்கு வரவில்லை.
உள்ளே அவர் கிண்ணத்தைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.
கறிவேப்பிலை நாலு,
ஓரத்தில் ஒதுக்கி வைத்தது.
வேறொன்றும் மிச்சமில்லை.