பழைய எண், புது எண்

கப்பலூர் சிட்கோ. ராத்திரி ஒன்று பத்து.
ரப்பர் கம்பெனியில் சர்வர் அறை மட்டும்
மார்கழியில் இருக்கிறது.
கதவுக்கு வெளியே சித்திரை.

எண்பது சதவீதம்வரை சமர்த்தாக ஓடிய நீலப்பட்டை
நின்றுவிட்டது. ஐந்தாம் முறையாக அதே வாசகம்:
தரவுத்தள சர்வரோடு இணைய முடியவில்லை,
பெயர் சரிதானா, இயங்குகிறதா, பார்க்கவும்.

பார்த்தேன்.
பெயரை எழுத்தெழுத்தாகப் பார்த்தேன்.
பிங் அடித்தால் நாலுக்கு நாலு பதில் வருகிறது.
ஆள் உயிரோடுதான் இருக்கிறார்.
1433இல் தட்டினால் மட்டும்
கறுப்புத் திரையில் கர்சர் கண் சிமிட்டிச் சிமிட்டிக்
கடைசியில் கைவிரிக்கிறது.
ஃபயர்வாலை ஐந்து நிமிடம் அணைத்தும் பார்த்தேன்
(பாவம்தான், யாரிடமும் சொல்லாதீர்கள்).
பாஸ்வேர்டு தப்பாக இருக்குமோ என்கிறான் முத்திருள்.
பாஸ்வேர்டு கேட்கும் வாசலுக்கே
நாம் இன்னும் போய்ச் சேரவில்லை, தம்பி.

அவன் வேலைக்குச் சேர்ந்து நாற்பது நாள்.
சர்வரின் சாவி சென்னையில். சென்னை தூங்குகிறது.
"மதுரை தூங்காதுன்னு எவனோ சொல்லிட்டான்க்கா,
அதான் நம்ம தலையில கட்டிட்டாங்க."

ஆறு மணி ஷிப்டுக்குள்
மேலூர் கிடங்கும் விருதுநகர் கிளையும் சென்னை மாடியும்
ஒரே ஜன்னலில் பேசிக்கொள்ள வேண்டும்.
அதற்குத்தான் இந்த மென்பொருள்.

இந்த சர்வரை யார் அமைத்தது?
"கோவர்த்தனன் சார். பிப்ரவரி கடைசில அனுப்பிட்டாங்க."
அந்தக் கடைசிச் சொல்லை மெல்ல வைத்தான்,
சூடான தம்ளரை வைப்பதுபோல.

ஒன்று நாற்பத்தைந்து. மூன்றாவது மணியில் எடுத்தார்.
நான் யாரென்று சொன்னேன். பிழையை வாசித்தேன்.
பின்னால் ஒரு பஸ்
திண்டுக்கல் திண்டுக்கல் என்று கூவிக்கொண்டிருந்தது.
அந்நேரத்தில் அங்கே என்ன செய்கிறார் என்று
நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

"பதினாலு முப்பத்து மூணுல நான் வைக்கலைங்க.
திருட வர்றவன் முதல்ல அங்கதான தட்டுவான்.
வடக்கு மாசி வீதி வீடுகள்ல
பழைய எண், புது எண்ணுன்னு ரெண்டு தகடு அடிச்சிருக்கும்ல,
அப்படி நெனச்சுக்கங்க.
புது எண் 51433.
பேருக்கு அப்புறம் கமா போடுங்க.
முக்காப்புள்ளி இல்ல, கமா."

போட்டேன்.
எண்பத்தொன்று. எண்பத்து நாலு.
அப்புறம் ஏதோ அவசரம் வந்ததுபோல நூறு.

"வந்திருச்சா?"
வந்திருச்சு சார்.
"யூபிஎஸ்ல ரெண்டாவது பேட்டரி வீங்கியிருந்துச்சே,
மாத்திட்டாங்களா?"
முத்திருள் குனிந்து பார்த்து
இல்லையென்று தலையாட்டினான்.
நான் வாயைத் திறப்பதற்குள் திண்டுக்கல் கிளம்பிவிட்டது.
அல்லது அவர் வைத்துவிட்டார்.

ஊழியர் பட்டியல் வந்து இறங்கியது,
அறுநூற்றுப் பன்னிரண்டு பெயர்.
'கோ' வரிசையில் அவரும் இருந்தார்,
சாம்பல் புள்ளியோடு: இணைப்பில் இல்லை.
விலகியவர்களை நீக்கவும் என்பது
என் தாளில் இருபத்திரண்டாம் வரி.
இருபத்தொன்று வரை டிக் அடித்தேன்.
ஓரத்தில் 'பேட்டரி' என்று எழுதிவைத்தேன்.

டோல்கேட்டுக்கு டீ வாங்கப் போன முத்திருளிடமிருந்து
புது ஜன்னலில் முதல் செய்தி:
அக்கா, பால் தீந்துருச்சாம்.
வரக்காப்பி ஓகேவா?