இருபத்தொன்றாவது ஊற்று

போன மாதம் ஒரு புள்ளியில் தோற்றேன்.
மெர்லின் ஜெபாவுக்கு மிச்சம் இருந்தது ஒரே உயிர்.
என் கையில் மிச்சம் இருந்தது
ஆறு ஊற்று கேட்கும் கரும்பாறை ராட்சசன்.
களத்தில் ஊற்று நான்கு.
அவள் பாட்டிலைத் திறந்து ஒரு மடக்கு குடித்துவிட்டு
"முடிச்சிக்கலாமா?" என்றாள்,
பல் டாக்டர் கேட்கிற மாதிரி.

அன்றிலிருந்து அந்த ஒரு புள்ளியைத் தேடுகிறேன்,
டவுன்ஹால் ரோட்டின் பின்சந்தில்
இருபத்திரண்டு அறை உள்ள லாட்ஜில்
இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை,
வருகைப் பதிவேட்டின் மேல் அட்டைகளைப் பரப்பி.

என் கட்டு ஓடுகிற கட்டு.
தடுக்கத் தெரியாது, காத்திருக்கத் தெரியாது.
முதல் சுற்றில் தீக்குருவி, இரண்டாவதில் இரட்டை நரி,
மூன்றாவதில், எதிராளி தன் அட்டையைப் படித்து முடிப்பதற்குள்
பாதி உயிர் போயிருக்க வேண்டும்.
ஐந்தாவதில் மூச்சு வாங்கும்.
ஆறாவது வந்துவிட்டால் அது என்னுடையதில்லை.

அறுபது அட்டை. அதில் இருபத்தொன்று ஊற்று.
ஏழு எடுத்து, பார்த்து, குறித்து, கலைத்து, மறுபடி ஏழு.
பழைய சலவைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில்
நல்ல கை, சுமார், வெள்ளம், வறட்சி என்று கோடு கோடாக.
நூறு கையில் இருபத்திரண்டு வெள்ளம்.
நிற்கிறவனுக்கு அது குளம்.
ஓடுகிறவனுக்குச் சாவு.

ஷாஹுல் நிற்கிறவன். அரசரடியில் மருந்துக்கடை,
சுவருக்குப் பின்னால் சுவர் வைத்து ஆடுவான்.
"எதை வேணா உருவு, ஊத்துல மட்டும் கை வைக்காத"
என்று குரல் அனுப்பியிருந்தான்.
பின்னணியில் யாரோ இருமல் மருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ரெண்டேகாலுக்கு ஒருவர் வந்தார், கோவில்பட்டி பஸ்ஸைத் தவறவிட்டவர்.
"நாலு மணி நேரந்தான் படுப்பேன். பாதி வாங்கிக்கங்க."
பாதி என்று ஒன்று கிடையாது இங்கே.
நாலு மணி நேரமோ நாள் முழுக்கவோ, வாடகை ஒன்றுதான்.
சொன்னதை நானே என் காதால் கேட்டேன்.
பதினாலாம் நம்பர் சாவியைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்து
ராட்சசனைப் பார்த்தேன்.
ஓரம் மினுங்கும் பதிப்பு. எழுநூறு ரூபாய், இரண்டு தவணை.
நாற்பது ஆட்டத்தில் மூன்று முறை இறங்கியிருக்கிறான்.
மூன்று முறையும் நான் ஏற்கெனவே ஜெயித்திருந்தேன்.
பதினேழாம் நம்பர் சாவிப் பெட்டிக்குள் அவனைச் செருகினேன்.
அந்த அறையில் குழாய் ரிப்பேர், யாருக்கும் தரமாட்டோம்.

அவன் இடத்தில் முள்ளெலி.
விலை ஒரு ஊற்று. செத்தால் எதிராளிக்கு ஒரு புள்ளி குத்தும்.
ஒரே ஒரு புள்ளி.
படம் மோசம், வரைந்தவர் எலியைப் பார்த்ததில்லை போல.
யாரிடம் கேட்டாலும் சும்மாவே தருவார்கள்.

மூன்றரைக்கு ஒரு ஊற்றையும் உருவினேன்.
இன்னொரு முள்ளெலி.

கைகள் பறந்தன. முப்பதில் இரண்டுதான் வெள்ளம்.
முப்பது போதாது என்று தெரியும்.
வறட்சியை எண்ணவில்லை.

ஐந்து பத்துக்கு மூன்றாம் மாடியிலிருந்து போன்:
"தம்பி, குழாயில காத்துதான் வருது."
நாலு மணிக்குப் போட வேண்டிய மோட்டார்.
சுவிட்சைத் தட்டிவிட்டு, கீழ்த்தொட்டியில் ஒரு வாளி மொண்டு
படியேறி ஓடினேன், பாதி கால்சட்டையில்.
முகமெல்லாம் சோப்போடு கதவைத் திறந்தவர்
ஒரு கண்ணால் என்னைப் பார்த்தார்.
ஒன்றும் கேட்கவில்லை.
எந்த எதிராளியும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

ஷாஹுலிடம் சொன்னால் சிரிப்பான்.
பார்த்தியா, இருபத்தொண்ணாவதைத் திரும்பப் போடு என்பான்.
பேச்சுக் கேட்கிறவனாக இருந்தால்
நானும் சுவர் கட்டியிருப்பேன்.

ஈரக் கையைத் துடைத்துவிட்டுக் கலைத்தேன். ஏழு.
குருவி இரண்டு, நரி, முள்ளெலி, கங்கு இரண்டு.
ஊற்று ஒன்றே ஒன்று.
ஞாயிறு காலை, கே.கே.நகர் ஸ்டேஷனரிக் கடை மாடியில்,
மெர்லின் எதிரில் உட்கார்ந்திருக்க
இதே கை வந்தால்?

மேலே தொட்டியில் தண்ணீர் விழ ஆரம்பித்திருந்தது,
முதலில் வெறும் அடியில் மோதி,
அப்புறம் தண்ணீரின் மேலேயே.
வைத்துக்கொள்கிறேன்.