நான்காம் அத்தியாயம்

முதல் அத்தியாயத்தில் ஒருவரும் சாகக் கூடாது.
ஒரு சொட்டுத் தண்ணீர் போதும்:
மேல்மாடி மொராயஸ் வீட்டுக் குளியலறை ஒழுகி
என் சீலிங்கில் காது வடிவில் ஒரு கறை.

இரண்டில், லிஃப்டுக்குள் வணக்கம் நின்றுபோகும்.
மூன்றில், என் காரின் மேல் மீன் செதில்கள்.
நான்கைப் பிறகு பார்க்கலாம்.
ஐந்தில் வெள்ளவத்தைப் பொலிஸ்.
சார்ஜன்ட் சிங்களத்தில் எழுதிய என் முறைப்பாட்டை
எனக்கே வாசிக்கத் தெரியாது.
கையெழுத்து வைத்தேன்.

இங்கேதான் வாசகன் அவளைச் சந்தேகிக்க வேண்டும்.
நடுச்சாமத்தில் எதையோ இழுக்கிறாள்,
நிறுத்துகிறாள், மறுபடி இழுக்கிறாள்.
கடைசிக் கோச்சியின் இரைச்சலுக்குள்
சத்தத்தை ஒளிக்கிறாள் என்று
ஒரு வரி சேர்த்தேன்.
நல்ல வரி.

நேற்றுக் கரண்ட் போன நேரம்
படியில் எதிர்ப்பட்டாள்.
அக்குளில் ஒரு சி.ஆர். கொப்பி.
டோர்ச்சை என் முகத்துக்கு நேரே பிடித்தபடி,
கோபமே இல்லாத குரலில்:

"மொட்டை மாடியில என்ர தண்ணி வால்வை
ஆர் பூட்டினதெண்டு
திகதி, நேரம் எல்லாம் எழுதி வச்சிருக்கிறன், தம்பி.
பக்கம் முடியுது.
இனி என்ன செய்யப்போறீர்?"

வெளிச்சம் கீழே இறங்கிப் போனது.
கைப்பிடிச் சுவரைத் தடவித் தடவி
நான் மேலே ஏறிக்கொண்டிருந்தேன்,
என் வீட்டையும் தாண்டி.