கிலோவுக்கு முப்பத்துநாலு

பள்ளத்தூரில் பெரிய தராசு
சந்தியாகுவின் பழைய இரும்புக் கடையில்தான் இருக்கிறது.
வாஷிங் மெஷின் வந்த அட்டைப்பெட்டிக்குள்
சக்கரம் கழன்று, ஹேண்டில் திருகி,
கழுத்தை மடக்கித் தூங்கும் கொக்கு மாதிரி
என் சைக்கிள்.

ஏற்றி வைத்தோம். சிவப்பு எண்கள் ஓடி நின்றன.
18.600
அதற்குக் கீழே இன்னொரு வரி:
632.40

"அதப் பாக்காதீங்க ஆச்சி.
காலையில இரும்புக்குப் போட்ட ரேட்டு,
மாத்தாம கெடக்கு."

"இது அலுமினியம்ண்ணே."

"அப்ப நூத்தி நாப்பது" என்று திருத்தினார்.
வண்டிக்கு மரியாதை கொஞ்சம் கூடியது போலிருந்தது.
எனக்கோ இன்னும் மூன்று தவணை பாக்கி.

ஏரோப்ளேன்ல எவ்வளவு விடுவான்?
பதினஞ்சு.
மிச்சத்துக்கு?
கிலோவுக்கு அறுநூறு.

சந்தியாகு விரலை மடக்கினார், நீட்டினார்,
மறுபடி மடக்கினார்.
"மூணரைக் கிலோவத் தூக்கிட்டுப் போறதுக்கு
ரெண்டாயிரத்துக்கு மேல.
சரக்கும் ஒங்களுது, பெட்டியும் ஒங்களுது.
எனக்கு ஏன் இந்த யாவாரம் தோணல?"

கடல் தாண்டி வட்டிக்கு விட்டவர்கள் வம்சம்தான் நானும்.
எனக்கும் தோன்றவில்லை.

பெட்டியைப் பிரித்தோம்.
கேரியர் வெளியே. ஸ்டாண்டு வெளியே.
ஒரு கிலோ நூறு கிராம் பூட்டு வெளியே:
ஸ்பிதியில் யார் திருடப் போகிறார்கள் என்றேன்,
போனதே இல்லாத ஊரைப் பற்றி.
மாற்று டயர், யோசித்து யோசித்து, வெளியே.
ஸ்பேனரைக் கைப்பையில் விட மாட்டார்கள்,
அது உள்ளேயே கிடக்கட்டும்.
டயரில் காற்று இருக்கக் கூடாது என்றும் ஒரு விதி.
வால்வை அழுத்தினேன். உஸ்ஸென்று போனது.
சந்தியாகு எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.
அது அசையவில்லை.
"காத்துக்கு ஒண்ணும் தள்ள மாட்டேங்குதே"
என்று தராசை ஒரு தட்டுத் தட்டினார்.

ஷூவை எடுத்துக் காலில் போட்டுக்கொண்டேன்.
15.050

ஒரு நிமிடம் இருவரும் பேசவில்லை.
பிறகு நான் மணியைக் கழற்றினேன்.
15.000

கத்திரி வெயிலில்
குட்டி யானையின் பின்னால் பெட்டியோடு உட்கார்ந்து
திருப்பத்தூர், மேலூர் வழியாக மதுரை.
மேலே பனிக்கான ஜாக்கெட், ஏனென்றால்
உடுத்தியிருப்பதற்கு எடை கிடையாது.
டீ குடிக்க இறங்கினால்
காய்ச்சலா என்று கேட்கிறார்கள்.

கவுண்டரில் எனக்கு முன்னால் நின்றவர்
நூற்றுப் பத்துக் கிலோ இருப்பார்.
அவரை யாரும் நிறுக்கவில்லை, என்னையும் நிறுக்கவில்லை.
அவர் பெட்டியில் அரைக் கிலோ கூடுதல்.
மண்டியிட்டுத் திறந்து,
ஒரு டப்பா மணகோலத்தை எடுத்து
அங்கேயே நின்று தின்ன ஆரம்பித்தார்.
எனக்கும் ஒரு பிடி தந்தார்.
இனிமேல் அது எங்கள் இருவர் எடையில் சேரும்,
கணக்கில் சேராது.

என் பெட்டியை வைத்தார்கள்.
14.8

இருநூறு கிராம்.
எனக்குச் சேர வேண்டியது.
கேட்டால் தருவார்களா என்று
அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன்.
'உடையக்கூடியது' என்று
ஒரு தாளை ஒட்டி அனுப்பிவிட்டாள்,
வாஷிங் மெஷின் படத்தின் மேலேயே.

சோதனையில் ஜாக்கெட்டைக் கழற்றச் சொன்னார்கள்.
பையில் கை விட்ட காவலர்
வட்டமாக ஒன்றை வெளியே எடுத்து,
இது என்ன என்று திருப்பித் திருப்பிப் பார்த்து,
கட்டைவிரலால் அழுத்தினார்.

டிரிங்.

பின்னால் வரிசையில் நின்ற நாலு பேர்,
டை கட்டிய ஒருவர் உட்பட,
திரும்பிக்கூடப் பார்க்காமல்
இடப்பக்கம் ஒதுங்கினார்கள்.