பதினொன்றும் ஒன்றும்

ஓலெசுண்ட் துறைமுகம். மீன் கிடங்குக்கு மேல்மாடி.
நாங்கள் ஏழு பேர், ஒன்பது கணினி மொழிகள்.
எங்களுக்குள் பேசுவது நார்வீஜியனில்,
அதையும் அதிகம் பேசுவதில்லை.

ஜனவரி மாதச் சூரியன்
பத்து மணிக்கு வந்து, மூன்றரைக்குள்
கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடும்.
வெள்ளிக்கிழமை மதியம் புது நிரலை ஏற்றக் கூடாது
என்று காப்பி இயந்திரத்தின் மேல்
ஒட்டிவைத்தவள் ராக்னா.
அந்தத் தாளுக்கு அடியில் நின்றபடியே
ஏற்றியவளும் ராக்னா.

வொல்டா முதியோர் இல்லத்தின் சமையல்காரி யோருன்
வழக்கம்போல் பதினொரு பெட்டி சால்மன் கேட்டிருந்தாள்.
பழைய வாடிக்கை, ஒரு பெட்டி இலவசம்.
பதினொன்றையும் ஒன்றையும் கூட்டு என்றோம் ஜாவாஸ்கிரிப்டிடம்.
அது கூட்டவில்லை.
பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதிவிட்டது.
தோன்றாமல் திரியாமல் கெடாமல்
சுத்தமான இயல்புப் புணர்ச்சி:
நூற்றுப் பதினொன்று.

எண்ணை எழுத்தென்று எண்ணிக்கொண்டதற்கு
ஒரு முணுமுணுப்பாவது? மூச்!
கூரை பற்றி எரிந்தாலும்
வாசலில் நின்று 'யாவரும் நலம்' சொல்லும் சாதி அது.

லாரியைத் திருப்பலாமென்று
ஓட்டுநர் ஸ்டைனாரின் தொலைபேசி எண்ணைக் கேட்டோம்.
ஜாவா சொன்னது: நல்.
நல் என்றால் நல்லதென்று
முதல் வருடம் எல்லோரும் ஏமாந்திருக்கிறோம்.
அதற்குள் லாரி படகேறிவிட்டது.

மாலை யோருன் அழைத்தாள்.
'இங்கே முப்பத்தெட்டுப் பேர்,
அதில் ஒன்பது பேருக்குப் பல் இல்லை.
மீனை எங்கே வைக்க, கட்டிலுக்கு அடியிலா?'

உடனே கூட்டம் போட்டோம். கூட்டமாவது ஒழுங்காய்க் கூடியது.

ரஸ்டில் எழுதியிருந்தால் இது நடந்திருக்காது என்றான் சிகுர்ட்.
வாஸ்தவம்.
ரஸ்டில் எழுதியிருந்தால் எதுவுமே நடந்திருக்காது.
ஒரே ஒரு பெட்டியை இரவல் தர
ஆறு மாதமாய்க் கம்பைலரிடம்
அனுமதி கேட்டுக்கொண்டிருக்கிறான்.

சுன்னிவா வாயே திறக்கவில்லை.
பைத்தானில் ஒரு வரி
பந்தியில் அரை இடம் தள்ளி உட்கார்ந்ததற்காகச்
செவ்வாய்க்கிழமை முழுக்க அழுதவள்.
டேபும் ஸ்பேஸும் நம் கண்ணுக்கு ஒன்று,
பைத்தானுக்கு மட்டும் சம்பந்திச் சண்டை.

ஒட்வாரின் சி++ஸுக்கு
அரைப்புள்ளி ஒன்று விட்டுப்போனால்
நானூறு வரி வசை.
அவன் எழுதாத கோப்பில் தொடங்கி,
அவன் பிறக்காத ஊர் வழியாக.
வெறும் சி அப்படியில்லை, மானஸ்தன்.
செக்மென்டேஷன் ஃபால்ட் என்று இரண்டே சொல்,
செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடும்,
கோபித்துக்கொண்ட மாப்பிள்ளை மாதிரி.

ராக்னா மட்டும் ஒரு வரியைத் திருத்தினாள்.
பதினொன்றும் ஒன்றும் பன்னிரண்டு ஆயிற்று.
கைதட்டினோம்.
அந்தக் கைதட்டலில் இன்னொரு வரி உடைந்ததை
யாரும் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை படியேறி மூச்சிரைக்க வந்தாள் யோருன்,
கையில் எங்கள் ரசீது.
செலுத்த வேண்டிய தொகை: நான்.
'நான் என்று போட்டிருந்தது, நானே வந்துவிட்டேன்' என்றாள்.

எண் அல்லாததற்கு
ஜாவாஸ்கிரிப்ட் வைத்திருக்கும் பெயர் அது என்று
விளக்கினான் சிகுர்ட்.
நானும் நானும் சமமா என்று கேட்டால்
இல்லை என்றுதான் சொல்லும், அதையும் விளக்கினான்.
'எனக்கும் காலையில் கண்ணாடி பார்க்கையில்
அப்படித்தான் இருக்கிறது' என்றாள் யோருன்.

மிஞ்சிய தொண்ணூற்றொன்பது பெட்டியில்
பள்ளிக்கூடத்துக்குக் கொஞ்சம், தீயணைப்பு நிலையத்துக்குக் கொஞ்சம்.
மீதியைப் புகைபோட்டுவிட்டாளாம்.
எங்களுக்கென்று ஏழு பொட்டலம் கொண்டுவந்திருந்தாள்.

பங்கு வைத்தவன் ஒட்வார்.
ஒன்றில் தொடங்கினான்,
ஏழுக்குக் குறைவாக இருக்கும் வரை கொடுத்தான்.

ஏழாவதாக நின்றவன் நான்.